இயக்கத்தின் பதிவேடு: கொடைக்கானல் கடிகாரப் பொறி முதல் கற்கும் இயந்திரம் வரை

முன்னுரை

எந்த வேகத்தில் புறப்படுவது, எங்கே வேகம் தணிப்பது, எப்படி அதிராமல் நிற்பது என்பவற்றை இயந்திரமே கற்றுக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. இந்த வளர்ச்சியைக் கணினியின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். இயக்கத்தில் நேரும் பிழையைப் பதிந்து காத்த வரலாறும் அதற்குள் இருக்கிறது. கற்றலுக்கு அடித்தளம் இட்டது அந்தப் பதிவே என்பது இக்கட்டுரையின் கருத்து. பழனி மலைத்தொடர் இதற்கு நல்ல சான்று.

1. கடிகாரப் பொறியின் காலம்

சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி 1870களின் பெரும் பஞ்சத்துக்குப் பின் வலுத்தது. வானியலாளர் சார்லஸ் மிக்கி ஸ்மித் பழனி மலைத்தொடரில் தேர்ந்தெடுத்த கொடைக்கானலில், கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், 1899இல் சூரிய ஆய்வகம் உருவானது. 1904 முதல் கால்சியம் ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியிலும் சூரியனை அங்கே படம் எடுத்தார்கள்.

இதற்குப் பயன்பட்ட ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் அடிப்படையில் ஓர் இயக்கக் கருவி. 46 செ.மீ. கண்ணாடி கடிகாரப் பொறியால் சூரியனைத் தொடர்ந்து திரும்பி, ஒளியை 30 செ.மீ. வில்லைக்கு அனுப்பும். வில்லை உருவாக்கும் 60 மி.மீ. பிம்பத்தில் ஒரு மெல்லிய கீற்றை மட்டுமே பிளவு உள்ளே விடும். பிம்பம் பிளவைக் கடக்கும் அதே கதியில் ஒளிப்படத் தகடும் கீற்றின் குறுக்கே கடந்தால், முழுச் சூரியனும் கீற்றுக் கீற்றாகப் பதிவாகும். கதி தடுமாறினால் படத்தில் கோடுகள் விழும். இரு கதிகளும் வேறுபட்டால் வட்டம் நீள்வட்டமாகும். ஆகவே ஒவ்வொரு தகட்டிலும் சூரியனோடு இயந்திரத்தின் நடையும் பதிந்தது.

2. பின்னூட்டத்தின் காலம்

வானியலாளர் வைணு பாப்பு கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற 1960ஐ ஒட்டி அங்கே சுரங்கத் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. 11 மீட்டர் கோபுரத்தின் மேலுள்ள 61 செ.மீ. கண்ணாடிகள் ஒளியை 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் திருப்புகின்றன. 38 செ.மீ. வில்லையின் குவியத் தூரம் 36 மீட்டர். அந்தத் தொலைவில் ஒரு விநாடிக் கோணம் சுமார் 0.17 மி.மீ. நீளமாக விரிகிறது. கண்ணாடி அரை விநாடிக் கோணம் பிசகினாலே பிரதிபலிப்பில் பிசகு இரட்டித்து, பிம்பம் அவ்வளவு நகர்ந்துவிடும். கோபுரக் கண்ணாடிகளுள் சூரியனைத் தொடரும் கண்ணாடி 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான கதியில் திரும்ப வேண்டும். அந்த மெதுவான கதியைச் சீராகக் காப்பதே கடினம்.

பிழையை உணர்ந்து அப்போதே திருத்தும் பின்னூட்ட முறைக்கு இதற்கு முன்பே கணித வடிவம் கிடைத்திருந்தது. கப்பலைத் திசை மாறாமல் செலுத்துவது பற்றி நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922இல் எழுதிய கட்டுரை பிழையின் அளவு, அதன் திரட்சி, அது மாறும் வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு திருத்தும் இன்றைய பி.ஐ.டி. கட்டுப்பாட்டின் தொடக்கங்களில் ஒன்று. இம்மூன்றுக்கும் தர வேண்டிய எடையைத் தேர்ந்தெடுக்கும் எளிய விதிகளை ஸீக்லரும் நிக்கல்ஸும் 1942இல் தந்தார்கள். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் பெரும்பாலானவை இன்றும் இவ்வழியில்தான் இயங்குகின்றன. இம்முறைக்கு ஒரு குறை உண்டு. ஒரே பிழை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்தாலும், அது ஒவ்வொரு முறையும் புதிதாகவே திருத்துகிறது; முந்தைய சுற்றின் அனுபவம் அதற்கு இல்லை.

3. நினைவு கொண்ட இயக்கம்

இந்தக் குறையை நீக்கும் வழியை 1984இல் ஜப்பானின் சுகுரு அரிமோட்டோவும் உடன் ஆய்வாளர்களும் வகுத்தார்கள். ரோபோ கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, முந்தைய சுற்றின் பிழைப் பதிவைக் கொண்டே அடுத்த சுற்றின் கட்டளை திருத்தப்படும். தொலைநோக்கியின் பற்சக்கரத்தில் சுற்றுக்கு ஒருமுறை திரும்பும் பிழையைப் பதிந்து, அடுத்த சுற்றில் முன்கூட்டியே ஈடுகட்டும் வழக்கமும் இதே கருத்தில் நிற்கிறது.

சூரிச் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட நான்கு கால் ரோபோ ஆய்வு இதன் அடுத்த படி. மூட்டு மோட்டாரின் நடத்தையைச் சமன்பாட்டில் அடக்க முடியாததால், உண்மையான மோட்டாரின் பதிவைக் கொண்டு ஒரு நரம்பு வலைப்பின்னலை முதலில் பயிற்றினார்கள். பிறகே கணினிக்குள் ரோபோவை நடக்கப் பழக்கினார்கள். நடை கற்பதற்கு முன் மோட்டாரின் பதிவு தேவைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

கொடைக்கானல் தகடுகளும் இன்று எண்ம வடிவம் பெற்றுவிட்டன. அங்கே பல பத்தாண்டுகள் கையால் வண்ணத்தில் வரைந்த சூரிய வரைபடங்களிலிருந்து சூரிய இழைகளைப் பிரித்தெடுக்க, ஒத்தவற்றைக் குழுக்களாகச் சேர்க்கும் கொத்தாக்கம் என்ற இயந்திரக் கற்றல் முறையைப் பயன்படுத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. வரைந்தவர்கள் கனவிலும் காணாத பயன் இது.

4. மலையடிவாரத்துக்கு ஒரு பாடம்

பழனி முருகன் கோயிலில் விஞ்ச் 1966 முதலும் ரோப்கார் 2004 முதலும் பக்தர்களை ஏற்றிச் செல்கின்றன. ஒவ்வொரு நடையிலும் சுமை மாறும். எஃகுக் கயிறு இழுபடும். காற்று பலமாக வீசினால் ரோப்காரை நிறுத்தியே ஆக வேண்டும். திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்திலும் நிலைமை மாறிக்கொண்டே இருக்கும் இதே தன்மையைக் காணலாம். நூல் சுற்றத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அதிகம் அறுபடும் என்பதால் அப்போது வேகம் குறைத்து, நடுவில் கூட்டுகிறார்கள். சுமை, வேகம், அதிர்வு, காற்று, நூல் அறுதல் ஆகியவற்றைத் தொடர்ந்து பதிந்தால் இவையெல்லாம் இயந்திரக் கற்றலுக்கு ஏற்ற களங்கள்.

ஓர் எல்லையை மட்டும் மீறக்கூடாது. கற்ற அமைப்பு வேகத்தைப் பரிந்துரைக்கலாம், தேய்மானத்தை முன்னறிவிக்கலாம். உச்ச வேக வரம்பும் அவசர பிரேக்கும் அதன் கைக்கு எட்டாமல், தனியே, மாறா விதிப்படி இயங்க வேண்டும். மனிதரைச் சுமக்கும் இயந்திரத்தில் சோதித்துக் கற்க இடமில்லை.

முடிவுரை

கடிகாரப் பொறி பிழையைக் குறைத்தது; பின்னூட்டம் அதை உடனுக்குடன் திருத்தியது; கற்றல் முந்தைய பிழையிலிருந்து அடுத்த அசைவை அமைக்கிறது. இந்த மூன்றாம் படிக்குப் பதிவேடு இன்றியமையாதது. கணினியை எப்போது வேண்டுமானாலும் விலைக்கு வாங்கலாம். கடந்துபோன ஆண்டுகளின் இயக்கப் பதிவை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. நூற்பாலைகளும் பொறியியல் கல்லூரிகளும் மலைக்கோயில் நிர்வாகங்களும் தம் இயந்திரங்களின் அன்றாட இயக்கத்தைத் தேதியோடு பதிந்து, அழியாமல் காக்கும் பணியை இன்றே தொடங்க வேண்டும்.