மிளகும் மிளகாயும்: உணவுப்பொருள் பெயரீட்டில் அடையும் தலைமைச்சொல்லும்

வேற்று நிலத்து உணவுப்பொருள் ஒன்று ஒரு மொழிச் சமுதாயத்தின் அடுக்களைக்குள் நுழையும்போது, அம்மொழி முன்பே அறிந்த பொருளின் பெயரால் அதனை அழைப்பது இயல்பு. இவ்வாறு எழும் பெயர்கள் பின்னர் எவ்வாறு நிலைபெறுகின்றன என்பதை மிளகாயின் இந்தியப் பெயர்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபின், போர்த்துகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பரவியது. தாவர வகைப்பாட்டில் அது கத்தரிக் குடும்பத்தைச் சார்ந்தது; மிளகோடு அதற்கு உறவில்லை. எனினும் இரண்டும் உணவுக்குக் காரம் ஊட்டுவன. ஆகவே பெயரீட்டுக்கு அடிப்படையாக அமைந்தது தாவர ஒப்புமை அன்று, சமையற்பயனே எனலாம்.

இப்பெயரீட்டில் இருவேறு நெறிகள் புலப்படுகின்றன. தமிழில் மிளகு, காய் என்னும் இரு சொற்கள் கூடி, அடுத்தடுத்து வந்த ககர அசைகளுள் ஒன்று கெட, மிளகாய் என்றாயிற்று. இத்தொகையில் தலைமைச்சொல் காய். மிளகு என்பது அடை மட்டுமே. கன்னடத்து மெணசினகாயி, தெலுங்கு மிரபகாய ஆகியனவும் இத்தகையன. இந்நெறியில் புதிய பொருள் ஒரு காய்வகையாகவே கொள்ளப்படுகிறது.

மலையாளம் வேறு வழியை மேற்கொண்டது. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் இதற்குச் சிறந்த சான்று. அந்நூல் மிளகாய்ச் செடியைக் 'காப்போ மொலாகோ' என்றும், மிளகுக் கொடியை 'மொலாகோ கொடி' என்றும் பதிவு செய்கிறது. முன்னதைக் கப்பல் முளகு எனக் கொள்ளலாம். கப்பலில் வந்த முளகு என்பது பொருள். ஆகவே 17-ஆம் நூற்றாண்டில் அடையின்றி வழங்கிய முளகு மிளகையே குறித்தது. அடை பெற்றது மிளகாயே. இன்றோ நிலை தலைகீழாகியுள்ளது. முளகு என்றால் மிளகாய். மிளகுதான் குருமுளகு, நல்லமுளகு என அடை பெற்று நிற்கிறது. இந்தியில் மிர்ச் என்பதும், சிங்களத்தில் மிரிஸ் என்பதும் இவ்வாறே மிளகாய்க்கு உரியனவாயின. மிளகு முறையே காலி மிர்ச் எனவும் கம்மிரிஸ் எனவும் வழங்குகிறது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தொகையின் அமைப்பே என்பது இக்கட்டுரையின் கருத்து. புதிய பொருளும் பழைய பொருளும் ஒரே தலைமைச்சொல்லின் வகைகளாகக் கருதப்படுமிடத்து, அடையற்ற வடிவத்துக்கு இரண்டும் போட்டியிடுகின்றன. அன்றாடப் பயன்பாட்டில் மிகுந்தது அதனைக் கைப்பற்றுகிறது. மிளகுக் கொடிக்கு ஈரமான மலைச்சாரல் வேண்டும். மிளகாயோ பல்வகை நிலங்களிலும், வீட்டுக் கொல்லையிலும் விளைவது. ஆகவே வெற்றி மிளகாய்க்கே உரியதாயிற்று. தமிழில் தலைமைச்சொல் வேறாகிவிட்டமையால் இப்போட்டி எழவில்லை; மிளகு தன் பழம்பொருளை இழக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர்க்கு இது வெறும் சொல்வரலாறு அன்று. இக்கால மலையாளச் சிறுகதையில் வரும் முளகுபொடி தமிழில் மிளகாய்ப்பொடியே; ஒலியொப்புமை கருதி மிளகுப்பொடி என எழுதுவது பிழை. பழைய நூல்களிலோ பிழை எதிர்த்திசையில் நேரும். மருத்துவ நூல்கள் கூறும் திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றுமாகும். அதன் இந்தி விளக்கத்தில் மிர்ச் என்று மட்டும் இருப்பின், அதனை மிளகாய் எனப் பெயர்ப்பது மருந்தையே மாற்றிவிடும். தமிழுக்குள்ளேயும் இத்தகைய இடர் உண்டு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பொருள்களுள் ஒன்றாகச் சொல்லப்படும் கறி, மிளகே. இன்று அச்சொல் உணர்த்தும் காய்கறியோ இறைச்சியோ அன்று.

எனவே உணவுப்பொருட் பெயரை மொழிபெயர்ப்போர் மூலநூலின் காலத்தை முதலில் அறிதல் வேண்டும். அக்காலத்தில் அப்பெயர் அடையோடு வழங்கிற்றா, அடையின்றி வழங்கிற்றா என்பதை அடுத்து நோக்குதல் வேண்டும். இருமொழி அகராதிகளும் இத்தகைய பதிவுகளில் பொருளோடு காலத்தையும் குறிப்பின் பிழைகள் பெரிதும் குறையும்.