ஓட்டப்பிடாரத்துப் பீப்பாய்

ஓட்டப்பிடாரம் என்றதும் வ.உ.சி. ஞாபகத்துக்கு வருவார். 1872-ல் அவர் பிறந்த ஊர். இன்று கார்த்திகை மாதத்தில் அந்தப் பக்கம் போனால் மக்காச்சோளம் கண்ணில் படும். ஒரு காலத்தில் பருத்தியும் கம்பும் கோலோச்சிய கரிசல் காடு. மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. ஆக, காலையில் நீங்கள் சாப்பிட்ட ஆம்லெட்டில் கொஞ்சம் கரிசல் மண்ணும் இருக்கலாம்!

இது நம் ஊர்ப் பயிர் இல்லை. சுமார் 9,000 வருடங்களுக்கு முன் மெக்ஸிகோவில் மனிதன் பழக்கிய புல். 1492-ல் கொலம்பஸ் கரை தொட்ட பிறகுதான் கடல் தாண்டியது. போன இடமெல்லாம் அது கேட்பது இரண்டு: நிறைய தழைச்சத்து, வேளைக்குத் தண்ணீர்.

முதலாவதற்குக் கவலையில்லை. 1975-லேயே பக்கத்துத் தூத்துக்குடியில் ஸ்பிக் யூரியா தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. தண்ணீர்தான் சிக்கல். மாவட்டத்தின் வருட மழையே 650 மில்லிமீட்டர் சொச்சம். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும்.

1840-களில் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஒரு விதியைப் பிரபலப்படுத்தினார். எந்தச் சத்து மிகக் குறைவோ, அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும். இதை விளக்க ஒரு பீப்பாய் படம் போடுவார்கள். பலகைகளில் எது குட்டையோ, அதுவரைதான் தண்ணீர் நிற்கும். ஓட்டப்பிடாரத்துப் பீப்பாயில் குட்டைப் பலகை, ஈரம்.

விதைத்து ஐம்பது, அறுபது நாளில் பயிர் பூக்கும். அந்தச் சமயம் மண் காய்ந்தால் கதிரில் மணி பிடிக்காது. எத்தனை மூட்டை யூரியா கொட்டியிருந்தாலும் சரி, சக்கைக் கதிர்தான்!

அப்புறம் என்னதான் வழி? 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் நூறு வருடங்களுக்கு மேலாக இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறது. கோடை உழவு போடு. பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கட்டும். சின்னச் சின்ன வரப்பு கட்டு. ஓடும் தண்ணீர் நிற்கட்டும். மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதை. முதல் மழையே பயிருக்கு ஆகட்டும். சூப்பர் பாஸ்பேட் கலந்து ஊட்டமேற்றிய தொழுவுரத்தை ஹெக்டேருக்கு 750 கிலோ அடியுரமாக இடு. யூரியாவைப் பிரித்துப் போடு, அதுவும் ஈரம் பார்த்து.

கடைசி வரியில்தான் கணக்கு இருக்கிறது. எல்லா மூட்டையையும் முதலிலேயே போட்டுவிட்டால், மழை பொய்க்கும்போது போட்ட காசு மொத்தமும் மண்ணோடு போச்சு. பிரித்துப் போட்டவருக்கு ஒரு மூட்டையாவது வீட்டில் மிஞ்சும். கடன் வாங்கி விதைத்த குடும்பத்துக்கு அந்த ஒரு மூட்டை அடுத்த வருடத்து முதல்.