அபு சிம்பெல் பெரிய கோயில்

அபு சிம்பெல் பெரிய கோயில் எகிப்தின் தென்கோடியில் உள்ள குடைவரைக் கோயிலாகும். கி.மு. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராம்சேசு மன்னன் நைல் கரையின் மணற்பாறைக் குன்றில் இதைக் குடைவித்தான். முகப்பில் அவனது அமர்ந்த நிலைச் சிலைகள் நான்கு, ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர் உயரத்தில் செதுக்கப்பட்டன. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் அக்டோபரிலும், காலைக் கதிரவன் ஒளி கருவறை வரை செல்கிறது.

அஸ்வான் உயர் அணையால் கோயில் நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. யுனெஸ்கோவின் முயற்சியால் 1964 முதல் 1968 வரை கோயில் பெரும் கற்களாக அறுத்தெடுக்கப்பட்டு, சுமார் 65 மீட்டர் உயரமான இடத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது. ஒளி நுழையும் திசை மாறாமல் காக்கப்பட்டது. பண்டைய நிலநடுக்கத்தில் உடைந்து விழுந்த சிலையின் தலையும் ஒட்டப்படாமல், விழுந்து கிடந்தவாறே அதன் காலடியில் வைக்கப்பட்டது.