வீடியோ எடிட்டிங்குக்கு பிசி அசெம்பிள் பண்ணப் போறீங்களா? கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் இதை கவனிங்க!

கல்யாண வீடியோ, யூடியூப் சேனல், குறும்படம் என எடிட்டிங்கை தொழிலாக எடுத்தவர்கள் பலரும் சொந்தமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறார்கள். கடன் வாங்கி, பட்ஜெட்டில் பாதியை கிராபிக்ஸ் கார்டுக்கே கொட்டிய பிறகும் டைம்லைனில் வீடியோ திக்கித் திக்கி ஓடினால்? தப்பு எங்கே நடக்கிறது? பார்க்கலாம்.

கேமரா எந்த ஃபைல் தருது?

கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியது இதுதான். சாதாரண ஹெச்.264, 8-பிட் ஃபைலை இன்றைய எந்த கிராபிக்ஸ் சிப்பும் எளிதாக ஓட்டிவிடும். ஆனால் புதிய மிரர்லெஸ் கேமராக்கள் பல, 4:2:2 10-பிட் ஹெச்இவிசி ஃபைல்களைத் தருகின்றன. கலர் கரெக்‌ஷனுக்கு அருமையான ஃபைல். ஆனால் ஆர்டிஎக்ஸ் 40 சீரிஸ் கார்டில்கூட இதைப் பிரித்துப் படிக்கும் வசதி கிடையாது. மொத்த சுமையும் ப்ராசஸர் தலையில் விழும். திணறல் அங்கேதான் தொடங்குகிறது.

இன்டெலின் 11ஆம் தலைமுறை முதல், ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் உள்ள 'குயிக் சின்க்' இந்த வேலையைச் செய்துவிடும். 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸும் செய்யும்.

'எஃப்' எழுத்து: உஷார்!

ஐ5-13400, ஐ5-13400எஃப் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 'எஃப்' மாடல் விலை கொஞ்சம் குறைவு. காரணம், அதில் உள் கிராபிக்ஸ் இல்லை. அதாவது குயிக் சின்க்கும் இல்லை. கேமிங்குக்கு இது நல்ல பேரம், எடிட்டிங்குக்கு நஷ்டம்.

'எஃப்' இல்லாத மாடல் வாங்கியவர்களும் ஒரு விஷயத்தை கவனிக்கணும். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டதும் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸுக்குள் போய் அதை ஆன் செய்ய வேண்டும். மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில்தான் சொருக வேண்டும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சிலவற்றில் வோல்டேஜ் பிரச்னையால் கோளாறு வந்தது. 2024 ஆகஸ்டில் அதற்கான திருத்தம் வெளியானது. எனவே அசெம்பிள் செய்ததும் முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்வது நல்லது.

ரேம் எவ்வளவு?

4கே வேலைக்கு 32 ஜிபி சரியான அளவு. ஒரே குச்சியாக இல்லாமல் 16 ஜிபி இரண்டாக வாங்கினால் டூயல் சேனலில் வேகமாக ஓடும். பெரும்பாலான போர்டுகளில் 2, 4ஆவது ஸ்லாட்டில் போட வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆன் செய்யாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காது.

ஸ்டோரேஜ் கணக்கு

100 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிவாகும் வீடியோ, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, 3 மணி நேரம் என்றால் 270 ஜிபி! விண்டோஸும் சாஃப்ட்வேரும் ஒரு எஸ்எஸ்டியில், எடிட் செய்யும் ஃபைல்களும் கேஷும் இன்னொன்றில் இருக்கட்டும். முடிந்த வேலைகளுக்கு விலை மலிவான ஹார்ட் டிஸ்க் போதும்.

ஆனால் ஒரே ஒரு காப்பியை நம்பாதீங்க. தாலி கட்டும் காட்சியை ரீ-டேக் எடுக்க முடியாது. குறைந்தது இரண்டு இடத்தில் காப்பி எடுத்த பிறகே கேமரா கார்டை ஃபார்மட் செய்யணும்.

அப்போ கிராபிக்ஸ் கார்டு வேண்டாமா?

வேண்டும். கலர் கிரேடிங், எஃபெக்ட்ஸ் வேலையில் அதன் பங்கு பெரிது. டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துபவர்கள் குறைந்தது 8 ஜிபி மெமரி உள்ள கார்டாகப் பார்க்கலாம். வெட்டி ஒட்டும் வேலை மட்டும்தான் என்றால், அந்தப் பணத்தை ப்ராசஸருக்கும் எஸ்எஸ்டிக்கும் திருப்புவதே லாபம். பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு வழி?

பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ் இரண்டிலுமே 'ப்ராக்ஸி' வசதி உண்டு. ஃபைலின் சிறிய நகலை உருவாக்கி அதில் எடிட் செய்யலாம். எக்ஸ்போர்ட் மட்டும் ஒரிஜினலில் இருந்து நடக்கும். பழைய பிசியிலும் 4கே வேலை முடிந்துவிடும்.

இனிமேல்தான் வாங்கப் போறீங்களா? உங்க கேமராவில் எடுத்த ஒரு கிளிப்பை பென்டிரைவில் கொண்டுபோய், கடையில் ஓட்டிப் பார்த்துவிட்டு பணம் கொடுங்க.