அழகு நிலையம் திறக்கப் போகிறீர்களா? ஆடி மாதத்து வாடகையை முதலில் கணக்கிடுங்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எந்தத் தாமான் கடைவரிசைக்குப் போனாலும் அழகு நிலையங்களில் உட்கார இடம் கிடைக்காது. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் நம்மில் பலர் சொந்தக் கடை திறக்க முடிவெடுக்கிறார்கள். ஆனால், கடை நிலைக்குமா என்பது ஆடி மாதத்தில்தான் தெரியும். திருமணம் இல்லை, புதுமனை புகுவிழா இல்லை, மணப்பெண் அலங்காரத்திற்கு அழைப்பும் இல்லை. வாடகை மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

தோட்டப்புறங்களிலும் சிறு நகரங்களிலும் பல பெண்கள் இத்தொழிலை வீட்டு வரவேற்பறையில்தான் தொடங்குகிறார்கள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஓர் உருண்டை நூல். பக்கத்து வீட்டு அக்காவும் கோயில் தோழிகளும்தான் முதல் வாடிக்கையாளர்கள். இது நல்ல தொடக்கமே. ஓராண்டாவது இப்படி ஓடட்டும் என்பேன். யார் மாதந்தோறும் வருகிறார், யார் கல்யாணத்திற்கு மட்டும் வருகிறார் என்பது அதற்குள் தெரிந்துவிடும். வீட்டில் இருந்தபடி தொழில் செய்யவும் உரிமம் தேவைப்படலாம் என்பதால், உங்கள் பகுதி ஊராட்சி மன்றத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைக்கு மாறும்போது கணக்கே வேறு. பொதுவாக இரண்டு மாத வாடகை முன்பணம், மின்சாரம், தண்ணீருக்கு அரை மாத வாடகை, அதோடு முதல் மாத வாடகை கேட்பார்கள். வாடகை 1,500 ரிங்கிட் என்றால், சுவருக்குச் சாயம் பூசுவதற்கு முன்பே 5,250 ரிங்கிட் கையை விட்டுப் போய்விடும்.

அடுத்து மாதச் செலவு. எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகை 1,500. மின்சாரமும் தண்ணீரும் 350. கிரீம், வேக்ஸ், துண்டு, நூல் எல்லாம் சேர்த்து 600. ஓர் உதவியாளர் வைத்தால் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்; 2025 ஆகஸ்டு முதல் தேதி தொடங்கி, ஒரே ஓர் ஆள் வைத்திருக்கும் முதலாளிக்கும் இது கட்டாயம். முதலாளி செலுத்த வேண்டிய 13 விழுக்காட்டு ஊழியர் சேமநிதி 221 ரிங்கிட், சொக்சோ ஆகியவற்றைச் சேர்த்தால் அவருக்கு மட்டும் ஏறக்குறைய 1,950. மொத்தம் 4,400 ரிங்கிட். மாதம் 26 நாள் கடை திறந்தால், ஒரு நாளைக்கு 169 ரிங்கிட் வந்தாக வேண்டும். புருவம் திருத்த 8 ரிங்கிட் வாங்குபவர் நாளொன்றுக்கு 22 பேருக்குச் செய்ய வேண்டும். இதில் உங்கள் சம்பளம் ஒரு காசும் இல்லை. உங்களுக்கென்று 2,000 ரிங்கிட் வைத்தால் 31 பேர் வர வேண்டும்.

புருவம் திருத்துவது ஆளைக் கடைக்குள் அழைத்துவரும். வாடகையைக் கட்டுவது பேஷியலும் முடி வேலையும் மணப்பெண் அலங்காரமும்தான். இந்த வேறுபாடு புரியாமல் எல்லாவற்றுக்கும் பக்கத்துக் கடையை விட இரண்டு ரிங்கிட் குறைத்துப் பலகை மாட்டுபவர்கள் முதல் ஆடியிலேயே திணறுவார்கள். தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடியும் அப்படித்தான். நம் ஊரில் எல்லாருமே தெரிந்தவர்கள். "அம்மாவுக்கும் கொஞ்சம் போட்டு விடுங்க" என்று கேட்கும்போது மறுப்பது கடினம். அதனால் விலைப்பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வாயால் சொல்லத் தயங்குவதைத் தாள் சொல்லிவிடும்.

பதிவு வேலை பலர் பயப்படும் அளவுக்குச் சிக்கலானது அல்ல. தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60. கடை உரிமமும் பெயர்ப்பலகை உரிமமும் ஊராட்சி மன்றத்தில் பெற வேண்டியவை. பலகையில் மலாய் மொழி முதன்மையாக இருக்க வேண்டும், தமிழையும் சேர்க்கலாம். அனுமதி கிடைப்பதற்கு முன்பே பலகையை அச்சடித்துவிட்டு, பிறகு மாற்றி அடிப்பது வீண் செலவு. கடையில் நாள் முழுக்கத் தமிழ்ப் பாட்டு ஓட விடுவதற்கும் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமம் உண்டு என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

கடனுக்குத் தெக்குன் நிறுவனத்தின் ஸ்பூமி திட்டமும், இந்தியப் பெண்களுக்காக அமானா இக்தியார் நடத்தும் 'பெண்' திட்டமும் உள்ளன. கடன் பணத்தைக் கண்ணாடி வேலைப்பாட்டிலும் வரவேற்பு மேசையிலும் போடாதீர்கள். நல்ல பேஷியல் கட்டில் ஒன்றும் மூன்று மாத வாடகைக் கையிருப்பும் முதலில் இருக்கட்டும்.

இனி, சட்டமும் வாடிக்கையாளரின் தோலும் சம்பந்தப்பட்ட விஷயம். முகத்தில் ஊசி போடுவது அழகுக்கலை நிபுணரின் வேலை அன்று. போட்டோக்ஸ், பில்லர், வெள்ளையாக்கும் ஊசி எதுவானாலும், சுகாதார அமைச்சின் அழகியல் மருத்துவ அங்கீகாரம் பெற்ற மருத்துவர்தான் போடலாம், அதுவும் பதிவுபெற்ற கிளினிக்கில். பதிவில்லாமல் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் 300,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மூன்று நாள் வகுப்பில் ஊசி போடக் கற்றுத் தந்து சான்றிதழும் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அந்தத் தாள் இந்தச் சட்டத்தின் முன் செல்லாது.

கிரீம் விஷயமும் அப்படியே. முறைப்படி அறிவிக்கப்பட்ட அழகுப் பொருளுக்கு 'என்.ஓ.டி.' என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். ரத்து செய்யப்பட்ட பொருள்களையும் அந்நிறுவனம் வெளியிடுகிறது. ஏழு நாளில் நிறம் மாற்றும் என்று விற்கப்படும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் போன்றவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் பெண்களின் நிறத்திற்குப் பொருந்தும் பவுண்டேஷனைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு வெள்ளையாக்கும் கிரீம் விற்றுப் பிழைக்க வேண்டிய அவசியமே இல்லை.

மணப்பெண்ணுக்கு மருதாணி வைக்கும்போதும் கவனம் தேவை. இயற்கை மருதாணி முதலில் ஆரஞ்சாகத் தெரிந்து, ஓரிரு நாளில்தான் கருஞ்சிவப்பாகும். உடனே கறுக்கும் 'கறுப்பு மருதாணி'யில் பி.பி.டி. என்னும் முடிச்சாய இரசாயனம் கலந்திருக்கக்கூடும். கொப்புளம் போட்டு வடு தங்கிவிடலாம். தலைக்குச் சாயம் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்ப்பதும் இதனால்தான். ஆளுக்கொரு புது நூல், வேக்ஸ் குச்சியை இரண்டாம் முறை டப்பாவில் விடாதிருப்பது ஆகியவை செலவில்லாத விளம்பரம். நூலின் நுனியை வாயில் கடிப்பதற்குப் பதிலாகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பழகலாம். நீல விளக்குப் பெட்டிக்குள் வைத்தால் கருவி சுத்தமாகிவிடும் என்று நம்பாதீர்கள். சோப்பால் கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்த பிறகு பத்திரமாக வைக்கத்தான் அந்தப் பெட்டி.

மணப்பெண் அலங்காரத்திற்கு முன்பணம் வாங்கும்போது எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். முகூர்த்தத்திற்கு மட்டுமா, இரவு விருந்துக்கும் சேர்த்தா? சேலை கட்டுவது, பூ, அதிகாலைப் பயணச் செலவு யாருடையது? திருமணம் தள்ளிப்போனால் முன்பணம் என்னாகும்? வாட்ஸ்அப்பில் நான்கு வரி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கி வைத்தாலே பாதித் தகராறு குறையும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோர வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

வார விடுமுறைக்குச் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுக்கலாம். அன்று முடி வெட்டத் தயங்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆடியில் கடை காற்று வாங்கும்போது உங்கள் வேலைப் படங்களையும் பதிவுகளையும் கோப்பாகத் திரட்டுங்கள். பல ஆண்டு அனுபவம் இருந்தும் கையில் சான்றிதழ் இல்லாதவர்கள், திறன் மேம்பாட்டுத் துறையின் பி.பி.டி. முறையில் அந்தக் கோப்பைக் கொண்டு எஸ்.கே.எம். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஆவணி முகூர்த்தங்களுக்கான முன்பதிவும் அதற்குள் தொடங்கிவிடும்.