கைத்தூய்மை, மருத்துவமனைகளில்

நோயாளியைத் தொடும் மருத்துவர், செவிலியர், பணியாளர் ஆகியோர் உரிய தருணங்களில் கையைச் சுத்தம் செய்வது. 1847-இல் வியன்னா பிரசவ விடுதியில் இக்னாஸ் செம்மல்வைஸ் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலால் கை கழுவச் செய்தபோது தாய்மார் மரணம் வெகுவாகக் குறைந்தது. சக மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் ஐந்து தருணங்களைக் குறிக்கிறது: நோயாளியைத் தொடுமுன், தூய செயல்முறைக்கு முன், உடல்திரவம் பட்டிருக்க வாய்ப்பிருந்தால், நோயாளியைத் தொட்டபின், அவரது சுற்றுப்புறத்தைத் தொட்டபின். கடைசியைத்தான் எளிதில் மறக்கிறார்கள். கட்டில் கம்பி அழுக்காகத் தெரிவதில்லை அல்லவா? சானிடைசருக்கு 20–30 விநாடி, சோப்புக்கு 40–60 விநாடி தேவை. அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் நீரும்தான்.

அறிவுரை மட்டும் பழக்கத்தை மாற்றாது. ஜெனீவா மருத்துவமனையில் மருத்துவர் டிடியே பிட்டேயின் குழு கட்டிலருகே சானிடைசர் வைத்து, சுவரொட்டி ஒட்டி, கடைப்பிடிப்பை அளந்து ஊழியருக்குத் தெரிவித்தது. 1994-இல் 48 விழுக்காடாக இருந்தது 1997-இல் 66 ஆனது.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம் வறட்சிக்குப் பேர்போனது. தண்ணீர்க் குழாயை நம்பாத சானிடைசர் இங்கே கூடுதல் பயன் தரும். 2015-இல் மத்திய அரசு அறிமுகப்படுத்திய, மருத்துவமனைத் தூய்மையை மதிப்பிடும் காயகல்ப் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையம் வரை, கைத்தூய்மைக்கும் மதிப்பெண் இடுகிறது.