அருங்காட்சியகத்தின் தலைமை நாற்காலியில் பெண்கள்

பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகம் 1793ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்புக்கு முதன்முதலாக ஒரு பெண் வந்தது எப்போது தெரியுமா? 2021ல்! லோரான்ஸ் தே கார் அந்த நாற்காலியில் அமர 228 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வத்திக்கான் அருங்காட்சியகங்களுக்கு 2017ல்தான் பார்பரா யட்டா முதல் பெண் இயக்குநரானார்.

அப்படியானால் அதற்கு முன் அருங்காட்சியகம் நடத்தத் தெரிந்த பெண்களே இல்லையா? இருந்தார்கள். ஆனால் புதிதாகத் தொடங்கிய இடங்களில்தான் அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது.

1929ல் நியூயார்க்கைச் சேர்ந்த சிற்பி கெர்ட்ரூட் விட்னி, தன்னிடம் இருந்த 500க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கலைப்படைப்புகளை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகவே தர முன்வந்தார். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனவே அவரே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். 1931ல் திறக்கப்பட்ட அதற்கு முதல் இயக்குநர் ஜூலியானா ஃபோர்ஸ் என்ற பெண்.

இன்னொருவர் கிரேஸ் மார்லி. 1935ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய நவீன கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். வேலை முடித்து வருகிறவர்களும் பார்க்கட்டும் என்று இரவு 10 மணி வரை அதைத் திறந்து வைத்தார். ஜாக்சன் பொல்லாக் பெரும்புகழ் பெறுவதற்கு முன்பே, 1945ல், அவருடைய ஓவியங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தார். 1958 வரை அங்கே இருந்தார்.

அத்துடன் அவர் ஓய்வெடுக்கவில்லை. 1949ல் ராஜாஜி தொடங்கி வைத்த டில்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு 1960ல் சொந்தக் கட்டிடம் கிடைத்தது. அந்த ஆண்டில் அதன் இயக்குநராக வந்தவர் மார்லிதான். அப்போது அவருக்கு ஏறக்குறைய 60 வயது. 1966 வரை அதை நடத்தினார். பிறகும் டில்லியிலேயே தங்கி, ஆசிய நாடுகளின் அருங்காட்சியகங்களுக்காக உழைத்து, 1985ல் அங்கேயே காலமானார். 'மாதாஜி' என்று அன்போடு அழைக்கப்பட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஃபோர்ஸுக்குப் பின் நியூயார்க்கிலும், மார்லிக்குப் பின் சான்ஃபிரான்சிஸ்கோவிலும் இயக்குநரானவர்கள் ஆண்களே. புது இடத்தில் பணமும் குறைவு, பெயரும் இல்லை. அந்த நாற்காலிக்குப் போட்டியும் இல்லை. பெண்கள் உழைத்து அதற்கு மதிப்பு வந்த பிறகு, அது மீண்டும் ஆண்களிடம் போயிற்று.

லூவரின் 228 ஆண்டுகளை எண்ணும்போது, 1930களிலேயே அருங்காட்சியகங்களை உருவாக்கிக் காட்டிய இந்தப் பெண்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.